உயிர் காத்த கணக்கு

பள்ளிக்கூடத்திற் கற்ற நூற்றுவீதமும் கேத்திரகணிதமும் பரீட்சைக்கு மட்டுமே உரியன என்று எண்ணுவோர் பலர். அவை மனித உயிரைக் காக்கத் துணைநின்ற வரலாறொன்றை இன்று கூற விரும்புகின்றேன்.

கிரைமியப் போரிற் காயமும் நோயுமுற்ற பிரித்தானியப் போர்வீரருக்குப் பணிவிடை செய்யும் பொருட்டு, 1854 நவம்பரில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் துருக்கி நாட்டு ஸ்கூற்றாரி வைத்தியசாலையை அடைந்தார். விளக்கேந்திய அன்னையாக அவரை உலகம் அறியும். இறப்புக் கணக்கை ஆராய்ந்த அறிஞராக அவரை அறிந்தோர் சிலரே.

1855 ஜனவரியில் அப்படையின் சராசரித் தொகை 32,393. அம்மாதம் மட்டும் இறந்தோர் 3,168 பேர். ஏறக்குறையப் பத்தில் ஒருவர். அவர்களுட் காயத்தால் மாண்டோர் 83 பேர். வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல் முதலிய தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டோர் 2,761 பேர். பிற காரணங்களால் 324 பேர். 2,761ஐ நூறாற் பெருக்கி 3,168ஆல் வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்கு 87. காயத்தின் பங்கோ நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பகைவனின் குண்டினும் பாசறையின் அழுக்கே கொடிதென்பதை இவ்விரு வகுத்தல்கள் காட்டிவிடுகின்றன.

1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தையும் சீர்செய்தது. ஸ்கூற்றாரியில் பெப்ரவரியில் நூற்றுக்குச் சுமார் 42 ஆக இருந்த நோயாளர் இறப்பு, ஜூனில் நூற்றுக்குச் சுமார் 2 ஆயிற்று.

இவ்வுண்மையை ஆட்சியாளர் கண்முன் நிறுத்த, 1858இல் அம்மையார் படமொன்றை வெளியிட்டார். மாதத்துக்கொன்றாகச் சம கோணமுடைய ஆரைச்சிறைகள், ஆண்டுக்குப் பன்னிரண்டு. மரணத்தின் அளவைக் காட்டுவது பரப்பளவு. இங்கேதான் கேத்திரகணிதம் புகுகின்றது. ஜனவரியில் நோய்ச்சாவு காயச்சாவைப்போல் 33 மடங்கு. அதற்காக ஆரையை 33 மடங்கு நீட்டினால், பரப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து படம் பொய் சொல்லும். 33இன் வர்க்கமூலம் ஆறுக்குச் சற்றுக் குறைவு. ஆரையை அவ்வளவே நீட்டல் வேண்டும்.

இன்றும் பத்திரிகைகளில் நூற்றுவீதங்களும் படங்களும் நம்முன் வருகின்றன. எத்தனை பேரைக்கொண்டு கணித்த நூற்றுவீதம் இது? படத்தில் அளவைக் குறிப்பது நீளமா, பரப்பா? இவ்விரு வினாக்களையும் கேட்டுப் பழகுவோமாக. அவற்றின் விடையிற் சில வேளை உயிர்களே அடங்கியிருத்தல் கூடும்.