சேர்வராயன் மலையும் துப்பாக்கித் தேர்வும்

‘துப்பாக்கி’ என்னும் சொல்வடிவம் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் காணப்படுகின்றது. ஆங்கு அஃது உணவை ஆக்குதல் என்னும் பொருளது. படைக்கருவியைக் குறிக்கும் சொல்லோ துருக்கிய மொழியில் தோன்றி, இந்துத்தானி வழியாகத் தமிழில் புகுந்தது. ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு. சொல்லின் வரலாறு இவ்வாறாக, அக்கருவியை வாங்குவோர் அதனை எவ்வாறு தேர்ந்தனர், அவ்வாறு தேரும் வாய்ப்பு எவர்க்கு இருந்தது என்னும் இரு வினாக்களை ஏற்காட்டையும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலையையும் களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அதன்பின் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. அவர்கள் வருமுன்னரே இம்மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியவர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. தோட்ட உரிமையாளர்க்குத் துப்பாக்கி வேட்டைப் பொழுதுபோக்கின் கருவி. மலை உழவர்க்கோ விளைந்த பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் கருவி. இவ்வேறுபாடே பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

இனி, தேரும் முறையைக் காண்போம். இலண்டனில் ‘தி பீல்டு’ என்னும் இதழ் 1858ஆம் ஆண்டு முதல் துப்பாக்கிகளைப் பலர் அறியச் சோதிக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. 1875ஆம் ஆண்டுச் சோதனையில், குழலின் முனை சற்றே குறுகிய துப்பாக்கிகள் நேர்குழல் துப்பாக்கிகளை வென்றன. கிரீனர் என்பாரின் புகழும் அதனாற் பரவியது. 40 கசத் தொலைவில் தாளை நிறுத்திச் சுட்டு, 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துள் விழுந்த ரவைகளை எண்ணுதலே இச்சோதனையின் நிலைத்த முறையாயிற்று. பன்னிரண்டாம் அளவுத் துப்பாக்கியின் தோட்டாவில் 1⅛ அவுன்சு எடையுள்ள ஆறாம் எண் ரவை இருப்பின், அதில் ஏறத்தாழ 304 ரவைகள் அடங்கும். முனை முற்றும் குறுகிய குழல் அவற்றுள் நூற்றுக்கு 70 பங்கினை, அஃதாவது ஏறத்தாழ 213 ரவைகளை, வட்டத்துள் செலுத்தும். நேர்குழல் நூற்றுக்கு 40 பங்கே செலுத்தும்.

எண்ணிக்கை மிக்கதே சிறந்தது எனக் கொள்ளுதல் பிழையாகும். செறிந்த காப்பிச் செடிகளுக்கும் நிழல்மரங்களுக்கும் இடையே காட்டுக்கோழி எழுந்து மறைவது நொடிப்பொழுதில். தொலைவோ மிகக் குறைவு. அத்தகைய இடத்தில் ரவை செறிந்து செல்லுமாயின் குறி தப்பும். தப்பாதாயின் இறைச்சி சிதையும். ஆகவே, தாளில் வென்ற துப்பாக்கி மலையில் தோற்றலும் கூடும். மழைக்காலத்து ஈரத்தில் காகிதத் தோட்டா ஊதிப் பருத்துக் குழலறைக்குள் புகாது நிற்றலும் உண்டு. அன்றியும், துப்பாக்கி சுடுவோன் உடலோடு பொருந்துதல் வேண்டும். கண்ணை மூடித் தோளில் ஏற்றிப் பின் விழித்து நோக்குங்கால் குழல் கண்ணோடு நேர்படின், பின்கட்டையின் நீளமும் வளைவும் தக்கன என அறியலாம். பலவற்றை ஏந்திப் பார்த்தாலன்றி இப்பொருத்தம் புலனாகாது.

இங்ஙனம் ஏந்திப் பார்க்கும் உரிமை அனைவர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் இந்தியர் உரிமம் பெற வேண்டியிருந்தது; ஐரோப்பியர்க்கோ விதிகள் விலக்களித்தன. இவ்வினவேற்றுமை 1920ஆம் ஆண்டை ஒட்டியே நீக்கப்பட்டது. ஒரே மலையில் ஒருவர் துப்பாக்கியைச் சோதித்தார். மற்றவரை அரசு சோதித்தது. மலை உழவர் கைக்கு எட்டியது பெரும்பாலும் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியே. ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவைக் கையே தீர்மானித்தலால், அதற்குத் தேர்வு என்பது கடையில் நிகழ்வதன்று. ஆண்டுக்கணக்கிற் பழகி அறிவதாகும். அதனை அறியாமை என இகழ்தல் பொருந்தாது. தாளும் வட்டமும் இல்லாத சோதனை அது.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வேறுபாட்டின் சாயல் முற்றும் மறையவில்லை. 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்குச் சான்று. தற்காப்புக்கும் வேட்டைக்கும் 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய துப்பாக்கியையும், பயிர்க்காப்புக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியையும் அப்பிரிவு குறிக்கின்றது. பயிர்க்காப்புக்கு அது போதாது என உரிமம் வழங்கும் அதிகாரி நிறைவுற்றால் வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். இனத்தால் வந்த வேற்றுமை நீங்கிற்று. ஆயினும், எது போதும் எனத் தீர்மானிப்பவர் பன்றியை எதிர்நோக்கி இரவில் விழித்திருக்கும் உழவர் அல்லர் என்பது கருதத்தக்கது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடுந்தடை விதித்தது. அதனால் வேட்டைத் துப்பாக்கியைத் தேரும் கலை இம்மலையில் தன் பயனை இழந்தது. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் உரிமம் வேண்டுவோர் பாதுகாப்புப் பயிற்சி பெறுதலை வலியுறுத்துகின்றன. கருவியினும் கருவியை ஏந்துவோனே தேரத்தக்கவன் என்னும் கொள்கை இதனால் வலுப்பெறுகின்றது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. அது பேசுவது கருவியை அன்று. மனிதரை ஆராய்ந்து நம்புதலை. சேர்வராயன் மலையின் துப்பாக்கி வரலாற்றில் தோட்ட உரிமையாளர் ஆராயப்படாமலே நம்பப்பட்டார். மலை உழவர் ஆராயப்பட்டும் முழுமையாக நம்பப்படவில்லை. ஆகவே, துப்பாக்கித் தேர்வின் வரலாறு ஒரு கருவியின் வரலாறு மட்டும் அன்று. ஆட்சி எவரை நம்பியது என்பதன் வரலாறும் ஆகும் என நாம் துணிகின்றோம்.