நிறுத்துவது யார்?

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' ஒரு வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் தடவுவது, தேய்ப்பது, போவது என்றுதான் அதற்குப் பொருள். 'ஸ்ட்ரோக்' அதன் உடன்பிறப்பு. அடிப்பது பிறகு வந்து சேர்ந்தது. கப்பல்காரர்கள் பாயை இறக்குவதற்கும் இதையே சொன்னார்கள். 1768இல் கூலி உயர்வு கேட்ட லண்டன் மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள்; வேலையை நிறுத்துவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது என்பார்கள். ஆக, பாயை ஏற்றுகிற கைதான் இறக்கவும் செய்தது. அந்த வினைக்கு எழுவாய் உழைப்பவன். முதலாளி செய்தால் அதற்குப் பெயர் வேறு: 'லாக்கவுட்'.

கோவையில் நம் வாய்க்கு வந்ததும் வினை உதிர்ந்து பெயராகிவிட்டது. "ஸ்ட்ரைக் பண்ணிப்போட்டமுங்க" என்பார்கள் பழைய மில்காரர்கள். 'பண்ணு' ஒட்டினால்தான் சொல் நகர்கிறது. ஆனால் பண்ணியவர் யார் என்பதில் குழப்பமிருந்ததில்லை. 1946இல் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்களைச் சுட்ட போலீசுக்கும் எழுவாய் யாரென்று தெரிந்தேயிருந்தது.

எழுத்துத் தமிழோ 'வேலைநிறுத்தம்' என்றது. இந்தச் சொல்லுக்குள் நிறுத்தியவர் இல்லை. அந்தக் காலியிடத்தில் யாரும் வந்து உட்காரலாம், உட்கார்ந்தும்விட்டார்கள். 2022 மே 16, 17இல் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூர்ப் பின்னலாடை முதலாளிகள் கம்பெனிகளை மூடினார்கள். அதுவும் வேலைநிறுத்தமாம்! பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு மிஷின் ஓடாத நாள் கூலியில்லாத நாள். அவரை யார் கேட்டார்கள்?

சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்கள் கதை இவ்வளவு நேரானதல்ல. 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். தறி அவர்களுடையது, பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, கிடைப்பது நெய்த துணிக்குக் கூலி. காகிதத்தில் முதலாளி, கணக்கில் கூலிக்காரர். அவர் தறியை நிறுத்தியது ஸ்ட்ரைக்தான் என்பேன். அவரிடம் ஷிப்டு ஓட்டுகிற ஆளுக்கு அதுவே கதவடைப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் இப்போது இந்த வினைச்சொல்லை ஒரு பக்கமாக மட்டும் நீட்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருப்பது, பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது ஸ்ட்ரைக் என்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமிருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இனி எல்லா ஆலைக்கும். லீவு லெட்டர் எழுதினவர் உள்ளே வந்துவிட்டார். தறியை நிறுத்திய சோமனூர்க்காரர் வெளியே நிற்கிறார். அவர் யாரிடமும் வேலைக்கு இல்லையாம்.