மூன்றரை டாலர் துப்பாக்கி

1861 ஏப்ரல். சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்து அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் 75,000 தொண்டர் படையினரைக் கேட்டார் அதிபர் லிங்கன். ஆட்கள் திரண்டுவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கத்தான் போதிய துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை, குதிரை இல்லை.

விளம்பரம் கொடுத்து, விலைப்புள்ளி கேட்டுத்தான் அரசு கொள்முதல் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் அப்போதே சட்டம் இருந்தது. பொது அவசரம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. போர்த்துறைச் செயலர் சைமன் கேமரனின் ஆட்களுக்கு அந்த ஒரு விலக்கு போதுமானதாக இருந்தது. கேமரனின் நண்பர் அலெக்சாண்டர் கம்மிங்ஸ், தொழிலால் பத்திரிகை ஆசிரியர் (நம்ம இனம்தான்!), நியூயார்க்கில் அரசுப் பணத்தில் சரக்கு வாங்க அமர்த்தப்பட்டார். அவர் வாங்கிய பட்டியலில் 21,000 டாலருக்கு வைக்கோல் தொப்பியும் லினன் காற்சட்டையும் இருந்தன. போர்க்களத்தில் அவற்றைக் கேட்டவர் யாருமில்லை.

இதையெல்லாம் விழுங்கியது ஹால் கார்பைன் என்ற குறுந்துப்பாக்கி விவகாரம். பழசாகிவிட்டது என்று ராணுவம் ஒதுக்கிய 5,000 துப்பாக்கிகளை, ஒன்று மூன்றரை டாலருக்கு ஆர்தர் ஈஸ்ட்மன் என்பவருக்குத் தள்ளிவிட ஆயுதத் துறை சம்மதித்தது. அவரிடமிருந்து சைமன் ஸ்டீவன்ஸ் என்பவர் பன்னிரண்டரை டாலருக்குப் பேசி முடித்தார். மேற்கே செயின்ட் லூயிஸில் ஆயுதமின்றித் தவித்துக்கொண்டிருந்த ஜெனரல் ஃப்ரீமான்ட்டுக்குத் தந்தி போனது: விலை 22 டாலர். ஃப்ரீமான்ட் ஒப்புக்கொண்டபோது துப்பாக்கிகள் இன்னும் அரசுக் கிடங்கிலேயே கிடந்தன! ஸ்டீவன்ஸ் அரசுக்குக் காசும் கட்டியிருக்கவில்லை. அதைக் கட்ட 20,000 டாலர் கடன் கொடுத்த 24 வயது இளைஞர், பின்னாளில் வங்கிச் சக்கரவர்த்தியான ஜே.பி. மார்கன். 17,500 டாலருக்கு விற்ற தன் சரக்கையே 1,10,000 டாலருக்குத் திரும்ப வாங்கியது அரசு. இடையில் துப்பாக்கிக் குழலைச் செப்பனிட்ட செலவு சொற்பம். ஃப்ரீமான்ட்டின் அவசரம் நிஜமானதுதான். ஆனால் வாஷிங்டன் ஆயுதத் துறையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும்.

வான் விக் என்பவர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு எல்லாவற்றையும் தோண்டியெடுத்தது. 1862 ஜனவரியில் கேமரன் ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பழியில் எனக்கும் பங்குண்டு என்று லிங்கன் சபைக்கு எழுதினார். அது பெருந்தன்மை மட்டுமல்ல, உண்மையும்கூட. கேமரனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் அவர்தானே?

1863 மார்ச் 2-ல் புதுச்சட்டம் வந்தது. அரசிடம் பொய் பில் நீட்டினால் நட்டத்தைப்போல் இருமடங்கும், 2,000 டாலர் அபராதமும் கட்ட வேண்டும். துப்புக் கொடுத்து வழக்கு நடத்தியவருக்கு அதில் பாதி. திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றும் அங்கே அமலில் இருக்கிறது.

ஸ்டீவன்ஸ் என்ன ஆனார்? பாக்கிப் பணத்தை அரசு நிறுத்திவைக்க, அவர் வழக்குப் போட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று 1867-ல் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது.