கிச்சன் கப்போர்டுக்கு புது பெயிண்ட்: உப்புத்தாளை எடுக்கும் முன் இதைக் கவனிங்க!

கார்த்திகை தீபம், அடுத்து பொங்கல். திருவண்ணாமலையில் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் வேலைகள் களைகட்டும் காலம் இது. சுவர் புதுசாகிவிடும். ஆனால், தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கிச்சன் கப்போர்டு மட்டும் பழசாகவே நிற்கும். மாற்றினால் செலவு அதிகம். பெயிண்ட் அடித்தால் போதுமா?

எந்தக் கப்போர்டுக்கு அடிக்கலாம்?

பழைய வீடுகளில் கடப்பா கல் தட்டு வைத்து, முன்னால் மரக்கதவு போட்டிருப்பார்கள். இந்த மரக்கதவுகளுக்கு தாராளமாக அடிக்கலாம். கல்லை அப்படியே விட்டுவிடலாம்.

மைகா ஒட்டிய பிளைவுட் என்றால் கவனம் தேவை. வழவழப்பான மைகா மீது சாதாரண வுட் பிரைமர் சரியாகப் பிடிக்காது. அதற்கென விற்கும் பிடிப்பு பிரைமர் வேண்டும். பிவிசி கதவுகளிலும் சாதாரண எனாமல் சீக்கிரம் உரிந்து வரும். தண்ணீர் பட்டு ஊதிய பலகை, கரையான் அரித்த மரம் இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். பெயிண்ட் காப்பாற்றாது.

பழைய பெயிண்டில் என்ன ஆபத்து?

பலரும் கவனிக்காத விஷயம் ஈயம். வீட்டு பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு.

கதவில் இருக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் தூசியாகப் பறக்கும். அது தரையிலும் பாத்திரத்திலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்போ எப்படித் தேய்ப்பது?

2017-க்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். என்95 மாஸ்க் அவசியம். மிஷின் வைத்துத் தேய்ப்பதும், நெருப்பில் காட்டி உரிப்பதும் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

படிப்படியாக செய்வது எப்படி?

* கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் கழற்றி, எந்தக் கதவு எங்கே என எண் எழுதி வைக்கவும்.
* வெந்நீரில் சலவை சோடா கலந்து பிசுக்கை எடுக்கவும். பின் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடவும். பிசுக்கு இருந்தால் எந்த பெயிண்டும் நிற்காது.
* பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்து, காயவிட்டு, பிரைமர் அடிக்கவும்.
* பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, லேசாகத் தேய்த்து, அந்த இடத்தில் மறுபடி பிரைமர் அடிக்கவும்.
* எனாமலை மெல்லிசாக இரண்டு கோட் அடிக்கவும். இடைவெளி எவ்வளவு என்பது டப்பாவிலேயே இருக்கும்.

சந்தேகமா? கதவின் உட்பக்கத்தில் கொஞ்சம் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் கையோடு வந்தால் பிரைமர் சரியில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு பெயிண்ட் தேவை?

ஒரு லிட்டர் எனாமல், ஒரு கோட்டுக்கு சுமார் 100 சதுர அடி வரும். இரண்டடிக்கு இரண்டடி அளவில் 12 கதவுகள் என்றால், இரு பக்கமும் சேர்த்து 96 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு சுமார் 2 லிட்டர் போதும்.

விளக்கும் கேஸும்... உஷார்!

எண்ணெய் எனாமல், தின்னர் இரண்டின் ஆவியும் தீப்பிடிக்கும். அடிக்கும் நாளில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சமையலை வேறிடத்துக்கு மாற்றுங்கள். கார்த்திகை மாதம் என்பதால் பக்கத்தில் அகல் விளக்கும் ஏற்றக் கூடாது. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தூசிக்குப் போடும் மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. வாடை குறைவாக வேண்டும் என்றால், தண்ணீரில் கலக்கும் எனாமல் கடைகளில் கிடைக்கிறது.

எப்போது அடிக்கலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் பெயிண்ட் மெதுவாகத்தான் காயும், மரத்திலும் ஈரம் இருக்கும். தீபத்துக்கு அவசரமாக அடிப்பதைவிட, மழை விட்டதும் பொங்கலுக்கு முன் இரண்டு வாரம் ஒதுக்குவது நல்லது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே பாத்திரங்களை அடுக்க வேண்டாம். பெயிண்ட் முழுசாக இறுக இன்னும் பல நாட்கள் பிடிக்கும்.

கடையில் வாங்கும்போது டப்பாவில் ஈய அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மிச்சமான தின்னரை சிங்க்கில் ஊற்றாதீர்கள்.