பிறந்தநாளைத் தின்ற அரை மணித்தியாலம்

நீங்கள் 1996க்கும் 2006க்கும் இடையில் இலங்கையில் பிறந்தவரா? அப்போ இது உங்க கதைதான்.

மடவளையில் ஒரு விளையாட்டுப் போட்டிக்காக நண்பர்கள் சேர்ந்து இணையப் படிவம் ஒன்று செய்தோம். எல்லாரது பிறந்த திகதியும் ஒரு நாள் முந்திப் பதிவானது. ஜாவாஸ்கிரிப்டில் திகதியைக் கொடுத்தால் அது நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். சேமிக்கும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றும். இலங்கையில் நள்ளிரவு என்றால் அங்கே முதல் நாள் மாலை. சரி, 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிவிடுவோம் என்று கூட்டினோம். வாப்பாமாரின் திகதி சரியானது, சின்னப் பையன்களுடையதும் சரியானது. ஆனா எங்க வயதுக்காரருக்கு மட்டும் பிழை! 2000 மே 10இல் பிறந்த நண்பனுக்கு மே 9. அவனது அடையாள அட்டை இலக்கமோ 2000131 என்று தொடங்குகிறது, அதாவது அந்த வருடத்தின் 131ஆவது நாள், மே 10.

காரணம் நிரலில் இல்லை, வரலாற்றில் இருந்தது. 1996இல் கடும் வரட்சி. நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு முழுக்க மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார்கள்: பொது நேரத்தைவிட 6:30 கூட. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்து 6:00 ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய 5:30 திரும்பி வந்தது. வீட்டில் உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருக்கும்.

உலாவிகளுக்கும் ஞாபகம் இருக்கிறது. 'ஆசியா/கொழும்பு' என்ற நேர வலயப் பதிவில் இந்த மாற்றங்கள் எல்லாம் உண்டு. அதனால் 2000 மே 10 நள்ளிரவை அது 9ஆம் திகதி மாலை 6:00 என்று சரியாகவே மாற்றியது. நாங்கள் 5:30 கூட்ட, இரவு 11:30இலேயே நின்றுவிட்டது. மறந்தது நாங்கள்தான்.

ஜாவாஸ்கிரிப்டும் அதே காலத்துப் பிள்ளை. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தை 10 நாளில் எழுதினார். திகதி வசதியை ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்தார்கள். அதனால்தான் மாதங்கள் 0இலிருந்து தொடங்குகின்றன, மே மாதத்துக்கு 5 அல்ல, 4. அந்த வசதியில் பெரும்பகுதியை 1997இலேயே 'இனிப் பாவிக்க வேண்டாம்' என்று ஜாவா ஒதுக்கியது. ஜாவாஸ்கிரிப்டால் முடியவில்லை, கைவைத்தால் பழைய பக்கங்கள் உடைந்துவிடும். == குறியும் அப்படித்தான். வெற்று எழுத்துச்சரமும் 0வும் சமம் என்கிறது, '0' என்ற எழுத்தும் 0வும் சமம் என்கிறது, ஆனா அந்த இரண்டு எழுத்துச்சரங்களும் தங்களுக்குள் சமமில்லையாம்! இதையும் நீக்க முடியாமல்தான் வகையையும் பார்க்கும் === குறியைப் பக்கத்தில் சேர்த்தார்கள். எப்போதும் அதையே எழுதிப் பழகுங்கள்.

பிறந்தநாள் என்பது ஒரு நாள், ஒரு கணம் அல்ல. அதை '2000-05-10' என்று எழுத்தாகவே சேமியுங்கள், நேரமாக மாற்றவே வேண்டாம். கூட்டம், பரீட்சை போன்ற கணங்களைப் பொது நேரத்தில் வையுங்கள். உள்ளூர் நேரம் காட்ட 5:30ஐக் கையால் கூட்டாமல் வலயத்தின் பெயரைக் கொடுங்கள். 'வெறும் திகதி'க்கென்றே தனி வகை உள்ள டெம்போரல் என்ற புதிய வசதியை ஃபயர்பொக்ஸ் 2025இல் சேர்த்துவிட்டது; மற்ற உலாவிகளில் இருக்கிறதா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள்.

நிரல் எழுதி முடித்ததும் இன்றைய திகதியை மட்டும் போட்டுப் பார்த்து எழும்பிவிடாதீர்கள். 1996 ஜூன், 2000 மே, 2008 மே மூன்றையும் போட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்திருந்தால், நண்பன் அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு சண்டை பிடித்திருக்கத் தேவையில்லை.