ஜார்ஜ் டவுனில் ஒலிவழி நடை: பினாங்குத் துறைமுக நகரின் வரலாறு

மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில் உள்ள பினாங்குத் தீவின் துறைமுக நகரம் ஜார்ஜ் டவுன். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இதை நிறுவினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் இந்த ஊருக்கு இடப்பட்டது. சென்னையின் ஜார்ஜ் டவுன், 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 2008 ஜூலை 7 அன்று மலாக்கா நகருடன் சேர்த்து இந்நகரை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மரபு வட்டாரத்தின் மையப்பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர், அதாவது சுமார் 270 ஏக்கர். ஒரு பெரிய கிராமத்தின் பரப்பளவுகூட இல்லை. ஆகவே இந்நகரைக் காலால் நடந்து பார்ப்பதே முறை.

வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளாமல், கைப்பேசியில் பதிவிறக்கிய ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நடக்கும் பழக்கம் இப்போது பரவியுள்ளது. இதன் தொடக்கம் அருங்காட்சியகங்களில்தான். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் 1952இலேயே பார்வையாளர் கையில் சிறிய வானொலிப் பெட்டியைக் கொடுத்து விளக்கம் கேட்கச் செய்தது. பின்னர் கேசட் வந்தது. இன்று கைப்பேசியே போதும். நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறிந்து, அதற்குரிய பகுதியைத் தானே ஒலிக்கச் செய்யும் செயலிகளும் உண்டு. குறுகிய சந்துகளில் இந்த இடங்காட்டி சில அடிகள் தவறும். கோயிலின் முன் நிற்பவருக்கு எதிர்க்கடையின் கதை கேட்கலாம். வரைபடத்தையும் ஒலிக்கோப்புகளையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வதும், ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொள்வதும் நல்லது. இன்னொரு காது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு.

கோட்டையும் கைதிகளும்

நடை பெரும்பாலும் கடலோரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கும். 1786 ஜூலை 17 அன்று லைட் கரையிறங்கியது இந்த முனையில். ஆகஸ்டு 11 அன்று கொடியேற்றித் தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயரிட்டார். காட்டை விரைவில் வெட்டச் செய்ய, பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதையை எந்த ஒலிப்பதிவும் விடுவதில்லை. கதை சுவையானது. ஆனால் அது, தீவு யாருமற்ற காடாக இருந்தது என்ற எண்ணத்தையும் சேர்த்தே விதைக்கிறது. லைட் வருமுன்பே இங்கு மலாய்க் குடியிருப்புகள் இருந்தன. தீவு கெடா சுல்தானுக்கு உரியது. தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் நாடுதான் கெடா. சயாமின் தாக்குதலிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுக்க இசைந்தார். கம்பெனி அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. 1791இல் தீவை மீட்க அவர் படை திரட்டியபோது, லைட் முந்திக்கொண்டு தாக்கி அதை முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை முடிந்தது. காசு சுட்ட கதையைவிட இது முக்கியமானது.

கோட்டை வாசலில் உள்ள லைட்டின் சிலை 1936இல் வார்க்கப்பட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்தார்கள் என்பர். அந்த வில்லியம் லைட்தான் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வகுத்தவர்.

முதலில் நிபோங் பனையின் மரங்களால் வேலியாக நின்ற கோட்டை, 1804க்கும் 1810க்கும் இடையில் கல்லும் செங்கல்லும் கொண்டு திரும்பக் கட்டப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். இந்நகரின் பழைய சாலைகள் பலவும், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் உழைப்பே. தேவாலயத்தின் வெண்தூண்களைப் பற்றி நிறையச் சொல்லும் பதிவுகள், கைதிகளை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன.

தமிழர் ஒருவர் இந்தக் கோட்டையில் சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 1801இல் சிவகங்கைச் சீமையில் கம்பெனிக்கு எதிராக நடந்த போர் தோல்வியில் முடிந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். எஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் இருந்தார். சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமியும் இருந்தார். மன்னர் பின்னர் சுமத்ராவின் பென்கூலனுக்கு மாற்றப்பட்டு அங்கேயே இறந்தார்.

துரைச்சாமியின் நிலையை அறியத் தருபவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒரு படை அதிகாரி. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அவர், போருக்கு முந்தைய நாள்களில் சின்ன மருதுவிடம் பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். 1818இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்தபோது, தளர்ந்து முதுமை தோன்றிய ஒருவர் அவர்முன் வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. அவர்தான் துரைச்சாமி. அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டியே இருந்திருக்கும். 1830இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் வெல்ஷ் இதை வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். கோட்டையின் சுவரை ஒரு சுற்றுச் சுற்ற ஐந்து நிமிடம் போதும். பதினாறு ஆண்டு இந்தத் தீவில் கழித்த பின் நடந்த சந்திப்பு அது என்பதை நினைத்துக்கொண்டு சுற்றினால், அந்த ஐந்து நிமிடம் வேறாகிவிடும்.

இதே கோட்டையின் கொடிமரத்தோடு இன்னொரு நிகழ்ச்சியும் பிணைந்துள்ளது. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் நகரின் மீது குண்டு வீசின. பெரும் உயிர்ச்சேதம். சில நாள்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் குடும்பங்களும் இரவோடிரவாகக் கப்பலேறினார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் கைவிடப்பட்டார்கள். நகரில் எஞ்சியவர்கள் குழு அமைத்து ஒழுங்கைக் காத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ நாளேட்டின் ஆசிரியர். கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கச் செய்தவர் அவர். ஊரில் படை இல்லை, இனி குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியே அறிவிக்கவும் செய்தார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் நகருக்குள் வந்தார்கள்.

கோட்டைக்கு எதிரேயுள்ள கடலைப் பார்க்கும் சென்னைக்காரருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மானியக் கப்பல் எம்டன், அக்டோபர் 28 அதிகாலையில் இங்கு நுழைந்தது. கூடுதலாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல்போல வந்து, ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழில் சொல்லும் வழக்கு, இந்தக் கப்பலின் பெயரிலிருந்து வந்ததே.

ஒரே தெருவில் நான்கு வழிபாடுகள்

லைட் வகுத்த முதல் நகரம் ஒரு சதுரக் கட்டம்: வடக்கே லைட் தெரு, கிழக்கே கடற்கரைத் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே மலபார் தெரு. மலபார் தெருவே பிறகு சூலியா தெரு ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் சூலியாக்கள் எனப்பட்டார்கள். அந்தப் பெயரைச் சோழர் என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து, சம்பாதித்துத் திரும்பியதாக லைட்டே எழுதியிருக்கிறார்.

பிட் தெருவில் தெற்கு நோக்கி நடந்தால் தேவாலயம், சீனரின் குவான்யின் அம்மன் கோயில், ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவை சில நூறு அடிகளுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. 'நல்லிணக்கத் தெரு' என்று சுற்றுலாத் துறை இதை அழைக்கிறது. மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அதன் வாசல் இந்தத் தெருவில் இல்லை, பின்னாலுள்ள குயின் தெருவில். ஒலிப்பதிவு சொல்வதை மட்டும் கேட்டு வருவோர் கோயிலின் முதுகைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனால் பூக்கட்டும் கடைகளும் கோபுரமும் கண்ணில் படும். அங்கே இயர்போனைக் கழற்றிவிடலாம், தமிழே காதில் விழும்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை 1801இல் நிறுவியவர் காதர் மைதீன். அவர் தென்னிந்தியச் சமூகத்தின் கப்பித்தான், அதாவது அரசு ஏற்ற தலைவர். 'கிளிங்' என்ற சொல் கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்பர். ஒரு காலத்தில் தென்னிந்தியர் அனைவரையும் குறித்த சாதாரணச் சொல் அது; இன்று இழிசொல்லாகிவிட்டது. மலேசியத் தமிழர் அதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆயினும் பள்ளிவாசலின் பெயரிலும், பிட் தெருவுக்குப் பின்னர் இடப்பட்ட பெயரிலும் அது நிலைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்காத ஒலிப்பதிவு, அறியாத பயணியை வம்பில் மாட்டிவிடும்.

அருகே சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் ஒரு சிறிய கட்டடம்: நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரின் அடக்கத்தலம் நாகூரில் இருக்க, கடல் கடந்த பக்தர்கள் அவர் நினைவாக இங்கே ஒன்று எழுப்பினார்கள். கடலில் போவோரைக் காப்பவர் என்று மாலுமிகள் நம்பிய மகானுக்குத் துறைமுகத்தில் தர்கா அமைந்தது பொருத்தமே. பெரிய பள்ளிவாசலின் கம்பீரத்தில் இதைக் கவனியாமல் போகிறவர்களே அதிகம்.

ஆர்மேனியன் தெருவிலிருந்து கடலுக்கு

ஆர்மேனியன் தெருவில் இன்று கூட்டம் கூடுவது 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியத்தின் முன்னால். சைக்கிளில் இரு குழந்தைகள். படமெடுக்க வரிசையே நிற்கும். அதே தெருவின் 120ஆம் எண் வீட்டில் 1910இல் சுன் யாட்சென் இயக்கம் நடத்தினார் என்பதும், அடுத்த ஆண்டு குவாங்சௌவில் எழுந்த கிளர்ச்சிக்கு அவ்வாண்டு நவம்பரில் பினாங்கிலேயே திட்டமிடப்பட்டது என்பதும் வரிசையில் நிற்போரில் எத்தனை பேர் காதில் விழுகிறதோ.

பக்கத்திலுள்ள கூ கொங்சி குலக்கூடம், முந்தைய கட்டடம் 1901இல் எரிந்தபின் 1906இல் முடிக்கப்பட்டது. அரண்மனையை மிஞ்சும் அழகு தெய்வங்களுக்குப் பொறுக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டதாம். 1867 ஆகஸ்டில் இந்தச் சந்துகளில் சீன ரகசியச் சங்கங்கள் இரண்டு பத்து நாள் மோதிக்கொண்டன. முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: சண்டை இனத்துக்கு இனம் மூளவில்லை, இரு அணியிலும் இரு இனத்தாரும் இருந்தார்கள்.

வழியெங்கும் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் ஐந்தடி நடைபாதை. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்ததால், தட்டாரும் பாய் முடைவோரும் பெயர்ப்பலகை செதுக்குவோரும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ முடிந்தது. 2000 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை பன்மடங்கு ஏற, பலர் வீட்டைக் காலி செய்து போனார்கள். எட்டாண்டு கழித்து யுனெஸ்கோ ஏற்பு வந்தபோது, அந்த ஏற்புக்குக் காரணமான வாழ்க்கையில் ஒரு பகுதி ஏற்கெனவே நகரைவிட்டு வெளியேறியிருந்தது. பழைய கடைவீடுகள் பல இப்போது விடுதிகளும் காப்பிக்கடைகளும். ஒலிப்பதிவு 'இங்கே வாழ்கிறார்கள்' என்று சொல்லும் வீட்டில் பூட்டுத் தொங்கினால், பதிவு பழையது என்று கொள்ள வேண்டும்.

நடை கடலில் முடிகிறது. வெல்ட் கரைத்துறையை ஒட்டி, தண்ணீரின்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனக் குலத்தாரின் குடியிருப்புகள் உள்ளன; பெரும்பாலும் ஒரு பலகைத்துறை ஒரு குலத்துக்கு. கூலிகளும் படகோட்டிகளுமாய் வந்தவர்கள் கரையில் நிலம் வாங்க வழியின்றி நீரில் வீடு கட்டிக்கொண்டார்கள். 2006இல் கோவே குலத்தின் துறையும் பெங் ஆன் துறையும் அடுக்குமாடி வீடுகளுக்காக இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் சியூ குலத்தின் துறை பெரியது. இங்கு காலை எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். அதன்பின் பயணிகள் கூட்டம். வீட்டு வாசல்கள் திறந்தே இருக்கும், உள்ளே எட்டிப் பார்த்துப் படமெடுக்க வேண்டாம் என்று சில வாசல்களில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பலகை நடைபாதையின் கோடியில் சிறிய கோயில், அதற்கப்பால் கப்பல்கள், எதிர்க்கரையில் பட்டர்வொர்த்.