பட்டாளத்து யானை

யானையை வாங்குவது பெரிய காரியமில்லை, அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிய காரியம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ராணுவத்தார் கழித்துவிட்ட ஹெலிகாப்டரை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இந்த வார்த்தை அப்படியே பொருந்தும்.

யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய சாமான்கள் ஏலத்துக்கு வருவது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு 'மிலிடரி டிஸ்போஸல்' என்ற வார்த்தை நம் ஊர்களிலும் அடிபட்டது. பூட்ஸையும் கம்பளியையும் வாங்கியவர்கள் வாங்கிய அன்றே உபயோகித்தார்கள். ஹெலிகாப்டர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையே போதுமான சாட்சி.

கதாநாயகனின் பெயர் டார்ஹி. வயண்டாட் என்னும் ஆதிக்குடியினரின் தலைவர் ஒருவருடைய பெயர் அது. வெள்ளையர்கள் அவரைக் 'கொக்கு' என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் கொக்குக்கும் 'கிரேன்' என்ற பளுத் தூக்கும் யந்திரத்துக்கும் ஒரே பெயராகையால், பளுத் தூக்கும் ஹெலிகாப்டருக்கு அந்தப் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. கீவ் நகரில் பிறந்து, 1919-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த இகோர் சிகோர்ஸ்கியின் கம்பெனி அதைச் செய்தது. 1962-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி அது முதன்முதலாகப் பறந்தது.

பார்வைக்கு அழகென்று யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற ஹெலிகாப்டர்களுக்கு வயிறு உண்டு. இதற்குத் தலையும் முதுகெலும்பும்தான். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் சுமையைத் தொங்கவிட்டால் 20,000 ராத்தல் வரையில் தூக்கும். முன்னால் இரண்டு விமானிகள் உட்கார்ந்திருக்க, மூன்றாவது விமானி அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்புறம் பார்த்து உட்காருவார். சுமையைக் கண்ணால் பார்த்தபடியே அவரும் ஹெலிகாப்டரை ஓட்டலாம்.

1965-ல் இதை வியட்நாமுக்குக் கொண்டு போனார்கள். அது பீரங்கிகளைத் தூக்கியது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களைக் காட்டிலிருந்து மீட்டு வந்தது. இன்னொரு வேலையும் அதற்கு இருந்தது. 10,000 ராத்தல் எடையுள்ள குண்டைச் சுமந்து போய் அடர்ந்த காட்டில் போட வேண்டும். குண்டு வெடித்ததும் மரங்களெல்லாம் சாய்ந்து, ஹெலிகாப்டர்கள் இறங்குவதற்குத் திடல் கிடைக்கும். காட்டை அழிக்கிற உத்தியோகம் என்றே சொல்லலாம்.

பிறகு சினூக் என்ற வேறு ரக ஹெலிகாப்டர்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. டார்ஹிகள் சில காலம் மாநிலங்களின் தேசியக் காவற்படையில் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்தும் கழிபட்டன.

ஏலத்தில் எடுத்தவருக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பம். ஹெலிகாப்டர் என்பது ஒரே பொருளன்று. ஆயுள் குறிக்கப்பட்ட பல பொருள்களின் கூட்டம். சுழலும் இறக்கை, அதன் குடம், பல்சக்கரப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. நேரம் தீர்ந்துவிட்டால் பளபளவென்று இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். எவ்வளவு நேரம் ஓடியது என்பதைச் சொல்வது அதன் ஏடு. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகம் கேட்பது போல, விவரம் தெரிந்தவர் முதலில் ஏட்டைத்தான் கேட்பார். ஏடு தொலைந்துவிட்டால், நல்ல உறுப்பும் பழைய இரும்புதான்.

அடுத்தது சட்டம். ராணுவத்துக்காகச் செய்த யந்திரம், பொதுஜனங்களுக்கான பறக்கும் விதிகளின்படி பரீட்சை கொடுத்ததில்லை. ஆகவே இப்படி வாங்கிய ஹெலிகாப்டர்களுக்கு அமெரிக்காவில் வரையறுத்த அனுமதிதான் கிடைக்கும். மரம் தூக்கலாம், மருந்து தெளிக்கலாம், நெருப்பை அணைக்கலாம்; காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லக் கூடாது. எதிர்பாராத கோளாறு வந்தால் உயிர்ச்சேதம் குறைவாக இருக்கட்டும் என்கிற யோசனை.

ஆரிகன் மாநிலத்தில் ஜாக் எரிக்ஸன் என்ற மர வியாபாரி இருந்தார். 1971-ல் அவர் இந்த ரகத்து ஹெலிகாப்டரைக் கொண்டு மலைச்சரிவிலிருந்து மரம் இறக்கத் தொடங்கினார். வெட்டிய மரத்தைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கிவிட்டால், லாரிக்காக மலையைக் குடைந்து பாதை போட வேண்டாம், மண்ணும் சரியாது. சிகோர்ஸ்கி கம்பெனி பொதுஜன உபயோகத்துக்கென்று சிலவற்றையே செய்திருந்தது. உதிரிப் பாகங்களுக்கு என்றென்றும் அவர்களையே நம்பியிருக்க முடியுமா? 1992-ல் எரிக்ஸனின் கம்பெனி, அந்த ரகத்தைச் செய்வதற்கான உரிமைச் சான்றையே விலைக்கு வாங்கிவிட்டது. யானைக்குத் தீனி வேண்டுமென்று கரும்புத் தோட்டத்தையே வாங்கியது போல! அதன் பிறகு ராணுவம் கழித்த டார்ஹிகளை வாங்கிப் புதுப்பிப்பதில் அவர்களுக்குப் பயமிருக்கவில்லை.

இந்த ரகம் செய்த காரியங்களைக் கேளுங்கள். 1975-ல் கனடாவின் டொராண்டோ நகரில் 553 மீட்டர் உயரக் கோபுரம் எழும்பியது. அதன் உச்சிக் கம்பத்தைத் துண்டு துண்டாகத் தூக்கி வைத்தது இந்த ரகத்து ஹெலிகாப்டர்தான். ஆறு மாதம் பிடிக்கும் என்றிருந்த வேலை மூன்றரை வாரத்தில் முடிந்தது. 1993-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, அதாவது முதல் பறப்புக்குச் சரியாக 31 வருஷம் கழித்து, வாஷிங்டன் பார்லிமெண்டு மாளிகையின் கலசத்திலிருந்து சுதந்திர தேவியின் வெண்கலச் சிலையைப் பழுது பார்க்க இறக்கியது. அந்தச் சிலையை வார்ப்பதில் ஓர் அடிமைத் தொழிலாளி பங்குகொண்டிருந்தார். 1863-ல் அது மேலே ஏறியபோது அவர் விடுதலை பெற்றிருந்தார்.

எல்லாவற்றிலும் பெரிது நெருப்போடு நடத்திய போர். வயிறில்லாத இடத்தில், அமெரிக்கக் கணக்கில் 2,650 காலன் கொள்ளும் தொட்டியைப் பொருத்தினார்கள். ஏரியின் மேல் நின்று தும்பிக்கை போன்ற குழாயை இறக்கினால் ஒரு நிமிஷத்துக்குள் தொட்டி நிரம்பிவிடும்.

டென்னஸி காவற்படையில் மெம்பிஸ் நகரத்தில் வேலை பார்த்த ஒரு டார்ஹிக்கு, அவ்வூர்ப் பாடகர் எல்விஸ் பிரஸ்லியின் ஞாபகமாக 'எல்விஸ்' என்று பெயர். 2001-ம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் காடுகள் பற்றி எரிந்தபோது அது அங்கே போயிற்று. நெருப்பின் நடுவே 14 தீயணைப்பு வீரர்கள் சிக்கிக்கொண்டார்கள். எல்விஸ் மேலிருந்து தண்ணீரைக் கொட்டி அவர்கள் உயிர் தப்ப உதவியது.

காட்டைச் சாய்க்கக் குண்டு சுமந்த ரகம். அதே முதுகெலும்பு, அதே ஆறு இறக்கைகள். ராணுவக் கணக்கில் அதற்கு எதிரே 'உபயோகமில்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த 14 பேரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.